தூரமா, நேரமா? ஜூம் கேமராவும் டிஎஸ்எல்ஆரும்

பறவைகளைப் படமெடுக்க ஆசைப்பட்டு கேமரா தேடுகிறவர் முன்னால் இரண்டு எண்கள் வந்து நிற்கும். நிக்கான் கூல்பிக்ஸ் பி900 போன்ற ஜூம் கேமராவின் விளம்பரம் 2000 மி.மீ. என்கிறது. டிஎஸ்எல்ஆரோடு வாங்கும் நெடுந்தூர லென்ஸோ 300 மி.மீ. என்பதோடு நின்றுவிடுகிறது. எடையும் இதே பக்கம் சாய்கிறது: முன்னது 899 கிராம்; பின்னது லென்ஸோடு சேர்ந்து ஒரு கிலோவைத் தாண்டும். தூரமும் அதிகம், சுமையும் குறைவு என்றால் வேறென்ன வேண்டும் என்று கேட்கத் தோன்றும். ஆனால் பல ஆண்டுகள் படமெடுத்தவர்கள் பெரும்பாலும் டிஎஸ்எல்ஆர் பக்கமே நிற்கிறார்கள். இரு தரப்பின் நம்பிக்கையிலும் உண்மை இருக்கிறது. அந்த உண்மை எங்கே இருக்கிறது என்று தேடினால், எதிர்பாராத ஓர் உறவும் எதிர்பாராத ஒரு பிரிவும் தென்படுகின்றன.

இந்த ஒப்பீட்டைச் செய்து பார்க்கச் சேலத்தை அடுத்த அயோத்தியாப்பட்டணம் நல்ல களம். வடக்கே சேர்வராயன் மலை 1500 மீட்டருக்கு மேல் எழுந்து நிற்கிறது. கிழக்கே வாழப்பாடிச் சாலையில் போனால் மரவள்ளிக் காடுகள், தென்னை, பாக்குத் தோப்புகள். இந்த வட்டாரத்துச் சேகோ ஆலைகளின் உலர்களங்கள் வெயிலில் கண் கூசும் வெண்மையோடு விரிந்திருக்கும். ஊருக்குள் கோதண்டராமர் கோயிலின் சிற்பத் தூண்களும் விதான ஓவியங்களும் மங்கிய ஒளியில் இருக்கின்றன. சேலத்தின் வடக்கு ஓரத்தில், கன்னங்குறிச்சியில், 2010இல் குடிமக்கள் கூடித் தூர்வாரி மண் திட்டுகள் அமைத்த மூக்கனேரி இருக்கிறது. கடும் வெயில், அடர் நிழல், அசையாக் கல், பறக்கும் இறகு என ஒரு கேமராவைச் சோதிக்க வேண்டிய எல்லாமே ஒரு மணி நேரப் பயணத்துக்குள் அடங்கிவிடுகின்றன.

ஒப்பிட இருக்கும் இருவரையும் முதலில் உறுதி செய்துகொள்வோம். ஒரு பக்கம், 2015இல் வந்த பி900. இன்னொரு பக்கம், 24 மெகாபிக்சல் கொண்ட தொடக்கநிலை டிஎஸ்எல்ஆர். அதோடு 18–55 கிட் லென்ஸ், 70–300 லென்ஸ் என்ற வழக்கமான இணை. இரண்டும் புதிதாக இக்கலைக்குள் வருபவரின் கையை நாடுபவை. ஆகவே போட்டி சமமானது.

2000 என்ற எண்ணிலிருந்து தொடங்கலாம். அது 35 மி.மீ. பிலிம் அளவுக்கு மாற்றிச் சொன்ன எண். பி900இன் லென்ஸ் வளையத்தில் உண்மைக் குவியத் தொலைவு 4.3–357 மி.மீ. என்றே பொறித்திருக்கிறது. டிஎஸ்எல்ஆர் லென்ஸின் 300 மி.மீ. உண்மையிலேயே 300 மி.மீ. ஆக, 2000க்கும் 300க்கும் இடையிலான போட்டி உண்மையில் 357க்கும் 300க்கும் இடையிலானது. முப்பது மீட்டர் தொலைவில் மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் பதினைந்து சென்டிமீட்டர் சிட்டுக்குருவியின் பிம்பம் டிஎஸ்எல்ஆரின் சென்சாரில் 1.5 மி.மீ. நீளத்துக்கு விழும், பி900இன் சென்சாரில் ஏறத்தாழ 1.8 மி.மீ. நீளத்துக்கு விழும். இரண்டு பிம்பங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பி என்று சொல்லிவிடலாம்.

ஒளியிலும் அதே உறவு தொடர்கிறது. ஒரு பொருளிலிருந்து கேமராவுக்குள் எவ்வளவு ஒளி வரும் என்பதை லென்ஸ் திறப்பின் விட்டமே தீர்மானிக்கிறது. குவியத் தொலைவை எஃப் எண்ணால் வகுத்தால் அந்த விட்டம் கிடைக்கும். பி900இல் 357ஐ 6.5ஆல் வகுத்தால் 55 மி.மீ. டிஎஸ்எல்ஆர் லென்ஸில் 300ஐ 5.6ஆல் வகுத்தால் 54 மி.மீ. மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்துக்கொள்வோம்: 2017இல் சோனி வெளியிட்ட ஆர்எக்ஸ்10 IV, சற்றே பெரிய சென்சார் கொண்ட, விலை உயர்ந்த ஜூம் கேமரா. அதன் 220 மி.மீ. முனையை எஃப்/4ஆல் வகுத்தால் மீண்டும் 55 மி.மீ. மூன்று வடிவமைப்புகள், மூன்று அளவுச் சென்சார்கள், மூன்று விலைகள். ஆனால் அந்தச் சிட்டுக்குருவியிடமிருந்து ஒரே நேரத்தில் மூன்றும் வாங்கிக்கொள்ளும் ஒளி ஏறக்குறைய ஒன்றே.

முற்றத்தில் மழைக்கு வைத்த பாத்திரத்தில் எவ்வளவு நீர் சேரும் என்பதற்கு இரண்டே கணக்குகள்தாம்: வாய் எவ்வளவு அகலம், எவ்வளவு நேரம் மழையில் இருந்தது. ஒளிக்கும் அதே கணக்கு. வாய் ஒன்றாக இருக்கும் இடத்தில் இரு கேமராக்களும் உறவினர். வாய் வேறுபடும் இடத்தில் நேரம்தான் அந்த வேறுபாட்டை ஈடுகட்ட வேண்டும்.

சிறிய சென்சார் என்றாலே புள்ளிப் புள்ளியாக இரைச்சல் வரும் என்ற பொதுவான எச்சரிக்கை இந்த முனையில் பொருளிழந்து போவதைக் கவனிக்க வேண்டும். பி900இன் சென்சார் 28 சதுர மி.மீ.; டிஎஸ்எல்ஆரின் சென்சார் ஏறத்தாழ 366 சதுர மி.மீ., பதின்மூன்று மடங்கு. ஆனால் தொலைவில் இருக்கும் சிட்டின் பிம்பம் அந்தப் பெரிய சென்சாரின் நடுவே ஒரு சிறு பகுதியில்தான் விழுகிறது. மீதியெல்லாம் வானமும் கம்பியும். வீட்டுக்கு வந்ததும் அந்த மீதியை வெட்டி எறிந்துவிட்டு நடுத்துண்டை மட்டும் வைத்துக்கொள்கிறோம். அந்த நடுத்துண்டின் அளவுதான் பி900இன் முழுச் சென்சார். டிஎஸ்எல்ஆர்காரர் கணினியில் செய்யும் வெட்டை ஜூம் கேமரா தொழிற்சாலையிலேயே செய்து முடித்திருக்கிறது என்று சொன்னால் மிகையாகாது.

அந்த வெட்டில் பி900க்கு ஒரு லாபம் உண்டு. அதன் பிக்சல்கள் மிக நுண்ணியவை. அதே சிட்டின் நீளத்தை டிஎஸ்எல்ஆர் சுமார் 380 பிக்சல்களாலும் பி900 சுமார் 1330 பிக்சல்களாலும் எழுதுகின்றன. மூன்றரை மடங்கு. ஆனால் அந்த மூன்றரை மடங்கும் உண்மை நுணுக்கமாகிவிடாது. 55 மி.மீ. திறப்பு முப்பது மீட்டரில் ஏறத்தாழ 0.4 மி.மீ. இடைவெளியை மட்டுமே பிரித்துக் காட்ட முடியும். அது ஒளியின் அலை இயல்பு விதித்த எல்லை. பி900இன் ஒரு பிக்சல் அதே தொலைவில் 0.1 மி.மீ.ஐத் தாங்குகிறது, கண்ணாடி தர முடியாததை அந்தப் பிக்சல்கள் கேட்கின்றன. டிஎஸ்எல்ஆரின் ஒரு பிக்சலோ 0.4 மி.மீ.ஐத் தாங்குகிறது, கண்ணாடி தருவதில் ஒரு பகுதியை அது வாங்காமலே விட்டுவிடுகிறது. ஒன்று வீணாகக் கேட்கிறது, மற்றொன்று வீணாக விடுகிறது. கழித்துப் பார்த்தால், நல்ல வெயிலில் அசையாத பறவையின் இறகு வரிகளை ஜூம் கேமரா அதிகபட்சம் இரண்டு மடங்கு நுணுக்கமாகக் காட்டும். அந்த லாபம் சிறியதல்ல.

பறவைக்குப் பின்னால் இருக்கும் புதரும் வயலும் எவ்வளவு குழைந்து தெரியும் என்பதும் இதே திறப்பின் விட்டத்தைச் சார்ந்தது. ஆகவே அங்கும் இரண்டும் இணை. சித்திரை வெயிலில் தரிசு நிலத்துக்கு மேல் நெளியும் கானலைப் பொறுத்தவரையும் இரண்டும் இணைதான்: நூறு மீட்டருக்கு அப்பால் இருக்கும் பனங்காடையை எந்தக் கேமராவாலும் தெளிவாக எடுக்க முடியாது. நெருங்கிப் போவதும் காலையில் போவதும்தான் இரண்டுக்கும் பொதுவான மருந்து.

இனி மறுமுனைக்கு வருவோம். நெடுந்தூரத்தில்தான் சிறிய கேமரா தோற்கும், அருகில் எல்லாம் ஒன்றுதான் என்று பலரும் எண்ணுவார்கள். உண்மை நேர்மாறானது. கோதண்டராமர் கோயில் மண்டபத்தை அகலமாக எடுக்க ஜூமை முழுவதும் உள்ளே இழுத்தால், பி900இன் குவியத் தொலைவு 4.3 மி.மீ.; எஃப்/2.8, திறப்பு 1.5 மி.மீ. மட்டுமே. கிட் லென்ஸின் 18 மி.மீ. முனையில் எஃப்/3.5, திறப்பு 5.1 மி.மீ. விட்டத்தில் மூன்றரை மடங்குக்கு அருகில். பரப்பில், அதாவது ஒளியில், பதினோரு மடங்கு. நெடுந்தூரத்தில் உடன்பிறந்தவர்களாக இருந்த இருவரும் அருகில் வந்ததும் அந்நியராகிவிடுகிறார்கள். இன்றைய செல்போன்களின் முதன்மைக் கேமராக்கள் பலவற்றில் திறப்பு 3 முதல் 4 மி.மீ. வரை இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், மண்டபத்துக்குள் பி900ஐவிடச் சட்டைப்பையில் இருக்கும் போனே முந்திவிடுகிறது.

ஆனால் விதான ஓவியம் பறந்துபோவதில்லை. நிர்வாகத்தின் அனுமதி பெற்று, கேமராவைத் தரையில் மேல்நோக்கி வைத்து, இரண்டு நொடி டைமர் போட்டு, ஐஎஸ்ஓவை 100இல் நிறுத்தி, ஷட்டரை ஒரு நொடியோ இரண்டு நொடியோ திறந்துவிட்டால், குறுகிய திறப்பின் குறையைப் பெருமளவு காலம் நிரப்பிவிடும். இங்கே பி900இன் மடக்கித் திருப்பும் திரை கைகொடுக்கிறது. பக்கவாட்டில் விரித்துவைத்துச் சட்டகத்தைப் பார்த்துக்கொள்ளலாம். திரை அசையாத தொடக்கநிலை டிஎஸ்எல்ஆர்களில் அதே கோணத்துக்கு ஊகித்துத்தான் எடுக்க வேண்டும். பழைய வண்ணங்களின் மேல் ஃபிளாஷ் அடிக்கக் கூடாது என்பதும், தூணில் சாய்த்து எதையும் நிறுத்தக் கூடாது என்பதும் இரு கேமராக்காரர்களுக்கும் பொது.

தூண் சிற்பங்களிலும் அப்படியே. அசையாத கல்லுக்கு இரண்டும் சமமாகவே நியாயம் செய்யும். அதே மண்டபத்தில் ஒரு குழந்தை ஓடினால், சமம் அந்த நொடியில் முறிந்துவிடும். டிஎஸ்எல்ஆரில் 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் மாட்டினால் திறப்பு 28 மி.மீ.; ஏறக்குறைய அதே காட்சிக் கோணத்தில் ஜூம் கேமராவின் திறப்பு மிகச் சில மில்லிமீட்டர்களே. கல்யாண மண்டபங்களை நம்பி வாழும் ஸ்டுடியோக்காரர்கள் ஜூம் கேமராவைத் தொடாததன் காரணம் இதுதான். மணமேடையில் தாலி கட்டும் கை, தரையில் கேமராவை வைத்து இரண்டு நொடி காத்திருக்க விடாது.

இப்போது வேறுபாட்டின் முகம் தெளிவாகிறது. இரண்டு கேமராக்களையும் பிரிப்பது தூரம் அல்ல, நேரம். மூக்கனேரியின் திட்டு மேல் இறக்கை விரித்து வெயில் காயும் பாம்புத்தாரா நேரம் கொடுக்கும். அதே ஏரிப் பரப்பை உரசிப் பறக்கும் தகைவிலான் கொடுக்காது. பாம்புத்தாராவை பி900 சட்டகம் நிறைய எடுத்துத் தரும்; தகைவிலானைச் சட்டகத்துக்குள் கொண்டுவருவதே அதற்குப் பெரும்பாடு. முழு ஜூமில் அதன் பார்வை மூலைக்கு மூலை ஒன்றேகால் பாகை மட்டுமே, 300 மி.மீ. டிஎஸ்எல்ஆரின் பார்வை ஐந்து பாகைக்கு மேல். பறவையைத் தவறவிட்டால் திரும்பப் பிடிக்க, ஒரு பொத்தானை அழுத்தி ஜூமைத் தற்காலிகமாகப் பின்னிழுக்கும் வசதியை நிக்கான் கொடுத்திருக்கிறது. அந்தப் பொத்தான் தேவைப்படுவதே நெடுநோக்கின் விலை எது என்பதைச் சொல்லிவிடுகிறது.

ஃபோகஸிலும் இதே கதை. டிஎஸ்எல்ஆரின் ஃபோகஸ் முறை, லென்ஸ் எந்தப் பக்கம் எவ்வளவு நகர வேண்டும் என்பதை அளந்து நேராகப் போகிறது. பி900 முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்துக் கூர்மையைத் தேடுகிறது. வெயிலில் அது தெரியாது, நிழலில் தெரியும். டிஎஸ்எல்ஆரின் வியூஃபைண்டரில் கண்ணாடி வழியே வரும் நேரடி ஒளி. பி900இல் ஒரு கணம் பின்தங்கிய மின்திரை. தொடர்ச்சியாக எடுத்தால் பி900 ஒரு நொடியில் ஏழு படங்களை எடுத்துவிட்டு, அவற்றை எழுதி முடிக்கும் வரை நிற்கிறது; தொடக்கநிலை டிஎஸ்எல்ஆர் நொடிக்கு மூன்றோ ஐந்தோ எடுத்தாலும், ஜேபெக் கோப்புகளாக என்றால், நெடுநேரம் எடுத்துக்கொண்டே போகும். மறுபக்கம், டிஎஸ்எல்ஆரின் கண்ணாடி எழும்பும் ஓசை அமைதியான தோப்பில் பறவையை நிமிர்ந்து பார்க்க வைக்கும். ஜூம் கேமரா ஓசையடக்கமானது.

இரு குணங்களையும் ஒரே நேரத்தில் கேட்கும் பறவை ஒன்று உண்டு: குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் ஆறுமணிக் குருவி. விடியலிலும் அந்தியிலும் குரல் கொடுத்து, மரநிழலில் சருகுகளுக்கு இடையே தத்தித் தத்தி இரை தேடும் வண்ணப் பறவை. ஒளி குறைவு, அசைவு அடிக்கடி, இடையிடையே சிறு நிறுத்தம். அந்த நிறுத்தத்தில் 55 மி.மீ. திறப்பும் 54 மி.மீ. திறப்பும் ஒரே ஒளியையே வாங்கும். அடுத்த தத்தலுக்குள் ஃபோகஸை முடித்துவிடுவது யார் என்பதில்தான் டிஎஸ்எல்ஆர் முந்தும். அதற்கு மேலும் வேண்டுமென்றால், 150–600 மி.மீ. எஃப்/6.3 லென்ஸை மாட்டி 95 மி.மீ. திறப்புக்குப் போகலாம், ஒளி மூன்று மடங்காகும். அந்த வழி ஜூம் கேமராவுக்கு மூடப்பட்ட வழி. ஆனால் அந்த வழியின் சுங்கம் எடை: சிக்மாவின் அத்தகைய லென்ஸ் மட்டுமே 1930 கிராம்.

எடை என்றதும் தமிழகத்தின் இயற்கையியலாளர் மா. கிருஷ்ணனை நினைக்காமல் இருக்க முடியாது. வெவ்வேறு நிறுவனங்களின் உறுப்புகளைச் சேர்த்துத் தமக்கென்று ஒரு கேமராவை உருவாக்கி, அதன் பாரத்துக்கு ஏற்ப அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரிட்டவர் அவர். காட்டு யானைகளை அவர் கறுப்பு வெள்ளையில் பதிவு செய்தது அந்தச் சுமையோடுதான். பாகம் பாகமாகச் சேர்த்துத் தேவைக்கேற்ப அமைத்துக்கொள்ளும் டிஎஸ்எல்ஆரின் தத்துவம் அவருடையது. ஆனால் தனி ஆளாக, நடந்துபோய், பொறுமையாகக் காத்திருந்து கவனிக்கும் அவருடைய பழக்கம் இன்று ஜூம் கேமராவை டூவீலரில் மாட்டிக்கொண்டு மரவள்ளிக் காட்டு வரப்பில் போகிறவரிடம் அப்படியே இருக்கிறது. கருவியில் ஒருவர் வாரிசு, நடையில் இன்னொருவர் வாரிசு.

எதற்காகப் படம் என்ற கேள்வியும் தராசில் ஏற வேண்டும். 2015 முதல் ஒவ்வொரு பொங்கலையும் ஒட்டித் தமிழகப் பறவை ஆர்வலர்கள் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பை நடத்திவருகிறார்கள். அங்கே படத்தின் முதல் வேலை சாட்சி சொல்வது: பனை உச்சியில் உட்கார்ந்திருந்தது வல்லூறா, வேறு பருந்தா? அந்தக் கேள்விக்கு ஜூம் கேமரா தரும் விடைக்கு நிகரான மலிவான விடை வேறில்லை. கண்காட்சிச் சுவருக்கோ நூலின் அட்டைக்கோ படம் வேண்டுமென்றால் கோப்பின் தன்மை முக்கியமாகிறது. பி900 ஜேபெக் மட்டுமே தரும். வெள்ளைக் கொக்கின் முதுகு வெயிலில் வெளுத்துப்போனால், அல்லது சேகோ களத்தின் வெண்மை ஒரே தாளாகிவிட்டால், மீட்க வழியில்லை. டிஎஸ்எல்ஆரின் ரா கோப்பில் அந்த வெண்மைக்குள் கொஞ்சம் இறகு மிச்சம் இருக்கும். 2020இல் வந்த பி950 ரா கோப்பையும் தந்து இந்த இடைவெளியைக் குறைத்துவிட்டது.

பராமரிப்பிலும் இரு பக்கமும் ஒரு நன்மை, ஒரு தீமை. லென்ஸ் கழற்றி மாட்டும்போது கரட்டுப் புழுதி டிஎஸ்எல்ஆரின் சென்சாரில் ஒட்டும், ஆனால் துடைத்துவிடலாம். ஜூம் கேமராவின் சென்சார் மூடியே இருக்கும். ஆனால் நீண்டு சுருங்கும் குழாய் வழியே உள்ளே போன தூசியை எளிதில் எடுக்க முடியாது. டிஎஸ்எல்ஆரில் ஒரு லென்ஸ் பழுதானால் மற்றவை பிழைக்கும். ஜூம் கேமராவில் லென்ஸ் சிக்கிக்கொண்டால் கேமராவே சிக்கிக்கொண்டது.

கடைசியாக ஓர் உறவு, சற்று வருத்தமானது. 2010இல் உலகெங்கும் 12 கோடிக்கும் மேல் டிஜிட்டல் கேமராக்கள் அனுப்பப்பட்டன. 2020இல் அது ஒரு கோடிக்கும் கீழே இறங்கிவிட்டது. ஜூம் கேமராவின் சிறு தம்பிகளான கையடக்கக் கேமராக்களைப் போன்கள் விழுங்கின. டிஎஸ்எல்ஆரை மிரர்லெஸ் கேமராக்கள் ஓரம்கட்டின. கேனானும் நிக்கானும் தங்கள் உச்சநிலை டிஎஸ்எல்ஆர்களைக் கடைசியாக வெளியிட்டது 2020இல். ஜூம் பக்கத்தில் 2025இல் நிக்கானின் பி1100 வந்தது. அதுவும் பழைய பி1000இன் மறுபதிப்புப் போன்றதே. ஆகவே இன்று இந்த இருவரும் பெரும்பாலும் சந்திப்பது செகண்ட் ஹேண்ட் சந்தையில்தான். அதனால் மதிப்பு குறைந்துவிடவில்லை. தொடக்கக்காரருக்கு இது நல்ல காலம் என்றே சொல்ல வேண்டும்.

தீர்ப்பு என்று ஒன்று சொல்ல வேண்டுமானால், அது பெட்டி மேலிருக்கும் எண்ணைப் பார்த்துச் சொல்லப்படக் கூடாது. வாங்குமுன் இரண்டு கேள்விகள் கேட்டுக்கொள்ளலாம். முதலாவது: நான் எடுக்க விரும்பும் கோணத்தில், உண்மைக் குவியத் தொலைவை எஃப் எண்ணால் வகுத்தால் எத்தனை மில்லிமீட்டர் வருகிறது? இரண்டாவது: நான் எடுக்க விரும்புவது எனக்கு எவ்வளவு நேரம் கொடுக்கும்? உட்கார்ந்த பறவை, நிலா, மலைச்சரிவு, கல்தூண் ஆகியவற்றை விரும்புகிறவருக்கு ஜூம் கேமரா டிஎஸ்எல்ஆரின் மாற்று அல்ல, பல நேரம் அதைவிடச் சரியான கருவி. பறக்கும் பறவை, ஓடும் குழந்தை, விளக்கொளிச் சடங்கு ஆகியவற்றை விரும்புகிறவருக்கு டிஎஸ்எல்ஆரின் எடை சுமக்கத் தகுந்த எடை. இரண்டையும் விரும்புகிறவர் முதலில் ஜூம் கேமராவோடு ஓராண்டு சுற்றட்டும். தவறிப்போன படங்கள் தூரத்தால் போனவையா, நேரத்தால் போனவையா என்று எண்ணிப் பார்க்கட்டும். நேரத்தால் போனவை மிகுந்தால் மட்டும் டிஎஸ்எல்ஆருக்குக் காசு சேர்க்கலாம்.